செட்டிநாட்டில் பறவை பார்க்க வருகிறீர்களா? கேரவன், கூடாரம், பங்களா, லாட்ஜ்: எதில் தங்கலாம்?

ஐப்பசி மழையில் கண்மாய்கள் நிரம்பத் தொடங்கியதும் ஒரே கேள்வி பல பக்கமிருந்தும் வருகிறது. பொங்கல் லீவுக்குக் காரைக்குடிப் பக்கம் வரப் போகிறோம், பறவை பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு மலை ஏற வேண்டும், எங்கே தங்கலாம்? பெங்களூரில் இருக்கும் சொந்தங்கள் கேரவன் எடுத்து வர ஆசைப்படுகிறார்கள். சென்னையிலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடாரம்தான் வேண்டும். அப்பத்தாவையும் ஐயாவையும் கூட்டி வருகிறவர்களுக்குக் கழிப்பறைதான் முதல் கவலை.

நான்கு வழிகளும் நல்ல வழிகள்தான். ஆனால் படுக்கையைப் பார்த்து முடிவு செய்தால் பறவை தப்பிப் போகும். காலை ஆறு மணிக்கு எந்தக் கரையில் நிற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தங்கும் இடம் அதற்குப் பின்னால் தானாக அமையும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விடியல். தை மாதத்தில் இங்கே சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழும். ஆறு மணிக்கே வெளிச்சம் கசிய ஆரம்பித்துவிடும். அதிலிருந்து ஒன்பதரை வரைதான் நல்ல நேரம். சாயங்காலம் நாலரைக்கு மேல் இன்னொரு தவணை. ஐந்தேமுக்காலுக்குள் கிளம்ப முடியாத இடத்தில் எவ்வளவு வசதி இருந்தாலும் பறவை பார்ப்பவருக்கு அது தோதுப்படாது.

திசை. செட்டிநாட்டைச் சுற்றிப் பறவையும் மலையும் ஒரே பக்கத்தில் இல்லை. மேற்கே திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை, மேலூரை ஒட்டி அரிட்டாபட்டி. வடக்கே திருமயம் கோட்டை, புதுக்கோட்டை தாண்டிச் சித்தன்னவாசல், நார்த்தாமலை. தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரிய கண்மாய்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும். முதுகுளத்தூர் பக்கம் இருக்கும் இந்த இரண்டும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற நீர்நிலைகளின் பட்டியலில், உள்ளவை. வடக்கில் அறை போட்டுவிட்டு மேற்கில் விடியலைப் பிடிக்க நினைத்தால் தூக்கமும் டீசலும்தான் வீண்.

பகல் பத்து முதல் நாலு வரை. மார்கழி, தையிலேயே பதினொரு மணி வெயில் சுள்ளென்று அடிக்கும். பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும். அந்த ஆறு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதற்குப் பதில் இல்லாத திட்டம் இரண்டாம் நாளே படுத்துவிடும்.

தண்ணீர், கழிப்பறை, ஊரின் சம்மதம். கண்மாய் யாருமில்லாத இடம் போலத் தெரியும். அப்படி இல்லை. பாசனத்துக்கு ஆயக்கட்டுக்காரர்கள், மீனுக்கு ஏலம் எடுத்தவர், கரையில் ஒரு அய்யனார் கோயில், மேய்ச்சலுக்கு ஆடு என்று ஒவ்வொரு கண்மாய்க்கும் உரிமையுள்ளவர்கள் இருக்கிறார்கள். சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்க முடியாது. தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கும் குன்றுகளும் அப்படியே.

செலவைத் தனி அளவுகோலாக வைக்காமல், ஒவ்வொன்றோடும் சேர்த்தே சொல்கிறேன். சொல்லும் வாடகைக்கும் கடைசியில் கொடுக்கும் தொகைக்கும் இடைவெளி எங்கே வருகிறது என்பதுதான் முக்கியம்.

## கேரவன்

நான்கு வழிகளில் அதிகம் பேசப்படுவதும் குறைவாக விசாரிக்கப்படுவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இதன் பெரிய பலம் இடம் மாறுவது. ஒரு நாள் சித்தன்னவாசல், மறுநாள் வேட்டங்குடி, அதற்கடுத்த நாள் சித்திரங்குடி என்று மூன்று திசையையும் ஒரே பயணத்தில் தொட வேண்டுமானால் இதற்கு ஈடில்லை. ஒவ்வொரு ஊரிலும் மூட்டையைப் பிரித்துக் கட்ட வேண்டாம். குழந்தைக்குப் பால் காய்ச்சலாம். மலையிலிருந்து இறங்கியதும் கை கால் கழுவிப் படுக்கலாம். சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்கு அடிக்கடி கழிப்பறை தேவைப்படும். எங்கள் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் வேறெந்த வழியிலும் அந்த வசதி கிடைக்காது.

இனி, வாடகைக்காரர் தானாகச் சொல்லாத விஷயங்கள்.

முதலில் கரண்ட். ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட் எடுக்கும். வண்டியில் இருப்பது 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் மொத்தமே 2.4 யூனிட்தான். அதாவது ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடாது, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எனவே வெளியிலிருந்து 16 ஆம்பியர் பிளக் கிடைக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். தோப்பில் மோட்டார் ரூம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது விவசாயத்துக்கான இலவச மின்சாரம். அதில் கேரவனுக்கு இழுத்தால் அபராதம் தோப்புக்காரர் தலையில் விழும். வீட்டு இணைப்பு உள்ள பண்ணை வீடாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். வேட்டங்குடிப் பக்கம் தயவுசெய்து வேண்டாம். 1977-லிருந்து சரணாலயமாக இருக்கும் இந்த இடம் மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. வனத்துறை வருடாவருடம் அவர்களுக்கு இனிப்பு கொடுத்து மரியாதை செய்கிறது. குழந்தைகள் மத்தாப்பூ ஆசையை அடக்கி வளர்த்த அமைதி அது. அங்கே போய் ராத்திரியெல்லாம் மோட்டார் ஓட்டுவது நியாயமில்லை.

அடுத்தது பாதை. கேரவன் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம். திருப்பத்தூர் மெயின் ரோட்டில் பிரச்சினை இல்லை. கிராமத்து ரோட்டுக்குள் திரும்பியதும் புளியங்கிளைகள் தாழ்ந்து வரும், கரண்ட் கம்பி தொங்கும். கண்மாய்க் கரையில் ஏற்றவே கூடாது. மேலே காய்ந்து செம்மண் இறுகியிருப்பது போல் தெரியும். ஓரத்தில் கால் வைத்தால் செருப்பு அமுங்கும் அளவுக்கு உள்ளே ஈரம் நிற்கும். "கரை மேல ஏத்தாதீங்க தம்பி, மழை விட்டு ஒரு மாசம் ஆனாத்தான் தாங்கும்" என்று மடை பார்க்கும் பெரியவர்கள் சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் பக்கமான உள்வாயில் சீமைக்கருவேல முள் இன்னொரு ஆபத்து. வெட்டிப் போட்ட கிளையில் காய்ந்த முள் இரண்டு அங்குலம்கூட இருக்கும், டயரை எளிதாகக் குத்தும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறதா என்பதை வண்டி எடுக்கும்போதே திறந்து பாருங்கள்.

கழிவுத் தொட்டியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. சிறிய கேசட் கழிப்பறையில், கழற்றி எடுக்கும் தொட்டி 20 லிட்டர் அளவில்தான் இருக்கும். நான்கு பேருக்கு இரண்டு நாள் தாங்கினால் அதிகம். அதைக் காலி செய்ய ஒரு வீட்டுக் கழிப்பறையோ செப்டிக் டேங்கோ வேண்டும். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் கண்மாய்ப் பக்கம் திறந்துவிடக் கூடாது. அதே தண்ணீரில்தான் கீழே நெல் விளைகிறது.

செலவுக்கு வருவோம். பெங்களூரிலிருந்து காரைக்குடி சுமார் 430 கி.மீ. போக வர 860, உள்ளூர்ச் சுற்று 250 என்று வைத்தால் 1,100 கி.மீ. லிட்டருக்கு 9 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு டீசல் மட்டும் 120 லிட்டரைத் தாண்டும். அதற்கு மேல் டோல், வெளிமாநில வண்டி என்றால் தமிழ்நாட்டுக்கான பெர்மிட் வரி, டிரைவர் பேட்டா. டிரைவர் எங்கே படுப்பார் என்பதையும் யோசியுங்கள். குடும்பம் வண்டிக்குள் படுத்தால் அவருக்குத் தனியாக ஒரு லாட்ஜ் அறை போட்டே ஆக வேண்டும். நீங்களே ஓட்டுவதானால் 7,500 கிலோ வரையுள்ள வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸ் போதும். ஆனால் வெள்ளை நம்பர் பலகை போட்ட வண்டியை வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

எப்போது இதுவே சிறந்தது? நான்கு நாளுக்குக் குறையாத பயணம், மூன்று திசைச் சுற்று, கூடவே குழந்தையோ முதியவரோ இருந்தால் கேரவன் தாராளமாக எடுங்கள். இரண்டு நாள் வார இறுதிக்கு வேண்டாம். ஓட்டிக்கொண்டு வருவதிலேயே பாதி நேரம் கரைந்துவிடும்.

## கூடாரம்

இரவுப் பறவைகள் மீது ஆசை இருந்தால் இதற்கு மாற்றே கிடையாது. அந்தி மங்கியதும் பக்கி வந்து வண்டிப்பாதையின் சூடான மண்ணில் உட்காரும். டார்ச் வெளிச்சத்தில் கண் மட்டும் தணல் மாதிரி மின்னும், உடம்பு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். கண்கிலேடியின் நீண்ட கூவல் காட்டுக்குள்ளிருந்து வரும். கல்குவாரிப் பக்கம் கொம்பன் ஆந்தை. விடியும் முன்பே மயிலும் கௌதாரியும். அறைக்குள் படுத்தவருக்கு இதில் எதுவும் கேட்காது.

மார்கழி, தை இரண்டு மாதம்தான் இதற்குச் சரி. அதற்கு முன் மழை, அதற்குப் பின் ஏழரை மணிக்கே கூடாரத்துக்குள் வெந்துவிடுவீர்கள். பனி பலமாக இறங்கும், மேல் விரிப்பு கட்டாயம்.

இடம் தனியார் தோப்பாகவே இருக்கட்டும். உரிமையாளரிடம் கேட்டு, ஊராட்சித் தலைவரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு புதுமுகம் நடமாடினால் ஊர் பதறுவது இயல்பு. அது அவர்களுடைய காவல் முறை.

பாம்பைப் பற்றி நேராகவே பேசிவிடலாம். இந்தச் செம்மண் காட்டில் சுருட்டை விரியன், கண்ணாடி விரியன், கட்டுவிரியன் எல்லாமே உண்டு. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது நன்றாகத் தெரிந்த விஷயம், வலியே தெரியாமல்கூடக் கடிக்கும். ஜிப்பை முழுக்க மூடாமல் படுக்காதீர்கள். ஷூவை உதறாமல் போடாதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-க்குக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

பகல் நேரத்துக்குக் கூடாரம் உதவாது. அதனால் கூடாரக்காரர்கள் பலர் பகலுக்கு மட்டும் ஒரு லாட்ஜ் அறை எடுக்கிறார்கள். மறைந்திருக்கும் செலவு அதுதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## பங்களா

கானாடுகாத்தான், கடியாபட்டி, கோத்தமங்கலம், காரைக்குடி ஆகிய ஊர்களில் பழைய செட்டியார் வீடுகள் சில தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. பகல் பத்து முதல் நாலு வரை என்று சொன்னேனே, அந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த பதில் இதுதான். தடித்த சுவர், உயர்ந்த கூரை, முற்றத்திலிருந்து மேலே போகும் அனல், காலுக்குக் குளுமையான ஆத்தங்குடிக் கல். வெயிலுக்கென்றே யோசித்துக் கட்டிய வீடுகள். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விடியலுக்குத்தான் சிக்கல். காலைப் பலகாரம் பெரும்பாலும் ஏழரை, எட்டு மணிக்குத்தான் தயாராகும். கேட் பூட்டியிருக்கும். முந்தின நாள் ராத்திரியே வாட்ச்மேனிடமும் சமையல்காரரிடமும் சொல்லி, ஒரு பிளாஸ்க் காபியும் இட்லிப் பொட்டலமும் ஏற்பாடு செய்துகொண்டால் சரியாகிவிடும். கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

அப்புறம் திசை. கானாடுகாத்தானும் கடியாபட்டியும் காரைக்குடிக்கு வடக்கே இருப்பதால் திருமயமும் சித்தன்னவாசலும் கைக்கெட்டும் தூரம். வேட்டங்குடிக்குப் போக ஒரு மணி நேரமாவது ஆகும். எனவே பங்களாவில் தங்குகிறவர்கள் நீர்ப்பறவையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, குன்றையும் புதர்க்காட்டையும் முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது. அதில் ஒரு குறையும் இல்லை. பனங்காடை, கொண்டலாத்தி, மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, வானம்பாடி எல்லாம் வறண்ட நிலத்துப் பறவைகள். ஊருணிக் கரையில் நின்றாலே பாதி கிடைக்கும். தோப்புகளுக்குள் குளிர்காலத்துக்கு வரும் ஆறுமணிக்குருவியும் இருக்கும், விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுத்து இருப்பிடம் காட்டும்.

ஒரு இரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சொன்ன தொகையில் வரி அடங்குமா, சாப்பாடு அடங்குமா என்று இரண்டையும் கேளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். பூர்வீக வீடு இருக்கிறவர்கள் அதை ஏன் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீட்டை இதற்கும் திறக்கலாம். பங்காளிகளிடம் முன்கூட்டியே சொல்லி, சாவி வைத்திருப்பவரிடம் இரண்டு அறையையும் கிணற்று மோட்டாரையும் சுத்தம் செய்து வைக்கச் சொன்னால் போதும். வேறெங்கும் கிடைக்காத இடம், விடியலில் கேட் திறக்க யாரையும் கெஞ்ச வேண்டாம்.

## லாட்ஜும் வாடகைக் காரும்

பறவைக்காக மட்டும் வருகிற இரண்டு மூன்று நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். திருப்பத்தூரில் ஒரு சாதாரண அறை. காலை ஐந்தரைக்கு டீக்கடை திறந்திருக்கும். அங்கிருந்து கொள்ளுகுடிப்பட்டி அரை மணிக்குள்.

அந்தக் காலையை ஒரு முறை பார்த்துவிட்டால் எதற்காக இவ்வளவு சொல்கிறேன் என்று தெரியும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்தி நாரைகள் அலகைத் தட்டும் ஓசை, குஞ்சுகளின் இரைச்சல். கொஞ்சம் வெளிச்சம் ஏறியதும் பாம்புத்தாரா ஒரு மொட்டைக் கிளையில் ஏறி இறக்கையை விரித்துக் காய வைக்கும், பத்து நிமிடம் அசையாது. கரண்டிவாயன் ஆழமில்லாத ஓரத்தில் அலகை இடமும் வலமும் அலசிக்கொண்டே நடக்கும். இராக்கொக்குகள் அப்போதுதான் வேலை முடிந்து திரும்பும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்தக் காட்சி. தண்ணீர் வற்ற வற்ற மீன் ஒரே இடத்தில் கூடுவதால் கடைசி வாரங்களில் கூட்டம் இன்னும் நெருக்கமாகத் தெரியும்.

இங்கிருந்து பிரான்மலையும் வசதி. பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். இரண்டாயிரம் அடிக்கு மேல் உயரம், அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. விடிந்ததும் ஏறத் தொடங்கி வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டராவது எடுத்துப் போங்கள். இன்னொரு நாள் அரிட்டாபட்டி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், பாறைகளில் ராஜாளி இனங்களும் கழுகுகளும் உண்டு. குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கையும் அருகிலேயே.

குறை என்ன? முகூர்த்த நாளில் அறையே கிடைக்காது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அறையில் தூங்கவும் முடியாது, பின்பக்கத்து அறையாகக் கேளுங்கள். காரை நாள் வாடகைக்குப் பேசும்போது ஐந்து மணிக்கே வண்டி வேண்டும் என்பதையும், மலையடிவாரத்தில் நாலு மணி நேரம் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் வெயிட்டிங் கட்டணமாக வந்து நிற்கும்.

## ஒரே பார்வையில்

| | கேரவன் | கூடாரம் | பங்களா | லாட்ஜ் + கார் |
|---|---|---|---|---|
| விடியலில் கரைக்கு | பக்கத்தில் பிளக் உள்ள பண்ணை வீடு கிடைத்தால் சுலபம் | மிகச் சுலபம் | முன்கூட்டிச் சொன்னால் முடியும் | சுலபம் |
| பகல் வெயில் | கரண்ட் இருந்தால் மட்டும் | தாங்காது | மிக நல்லது | பரவாயில்லை |
| தோதான திசை | மூன்றும் | தோப்பு இருக்கும் இடம் | வடக்கு | மேற்கு |
| கணக்கில் விட்டுப்போவது | பெர்மிட், டிரைவர் அறை, டீசல் | பகல் அறை | ஜி.எஸ்.டி., கார் | வெயிட்டிங் கட்டணம் |
| யாருக்கு | குழந்தை, முதியவரோடு நீண்ட பயணம் | இரவுப் பறவை தேடும் இளையவர்கள் | குடும்பத்தோடு நிதானமாக | பறவைக்கென்றே வருகிறவர்கள் |

## பாலைவனமே வேண்டும் என்பவர்களுக்கு

செட்டிநாடு வறண்ட பூமி, பாலைவனம் அல்ல. மணல்மேட்டில் நடக்கும் ஆசை இருந்தால் தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரிக்குப் போகலாம். காரைக்குடியிலிருந்து 250 கி.மீ.யை ஒட்டி இருக்கும். செக்கச் சிவந்த மணல், நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும் சுனையும். ராமநாதபுரத்துக் கண்மாய்களைப் பார்த்துக்கொண்டே அங்கே போய்ச் சேரும் சுற்றுக்குக் கேரவன்தான் பொருத்தம். ஆனால் மணலில் வண்டியை இறக்காதீர்கள், தார் ரோட்டோடு நிறுத்திவிட்டு நடங்கள்.

## அட்வான்ஸ் கட்டும் முன்

இது முழுக்க வடகிழக்குப் பருவமழையை நம்பிய திட்டம். மழை பொய்த்த வருடம் வேட்டங்குடியில் கூடுகள் குறைந்துவிடும். அப்படி ஆனால் திட்டத்தை வடக்கே திருப்பி நார்த்தாமலை, சித்தன்னவாசல், புதர்க்காடு என்று வைத்துக்கொள்ளலாம். லாட்ஜ் அறையை மாற்றுவது எளிது, பங்களாவில் தேதி மாற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கேரவனுக்குத்தான் அட்வான்ஸ் திரும்பி வருவது கஷ்டம். அதனால் கார்த்திகை பாதியில் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, நாரை இறங்கிவிட்டதா என்று திருப்பத்தூர்ப் பக்கம் தெரிந்தவர் யாரிடமாவது ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கண்மாய் நிரம்பி உபரித் தண்ணீர் கலுங்கில் வழிந்தது என்று சொன்னால் அன்றைக்கே பணத்தைக் கட்டிவிடலாம். பொங்கல் வாரத்துக்கு வண்டியும் அறையும் வேகமாகத் தீரும்.